பஞ்சர் கடை மூடியிருந்த நாள்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று நீ அடம்பிடித்தால் தபால்காரருக்குத்தான் வேலை. "லெட்டர் போட்டுப் பாருங்க, அண்ணி படிக்காம இருக்க மாட்டாங்க" என்று யோசனை சொன்னவள் என் மனைவி. அவளோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறாய். நான் என்ன, இந்த வீட்டில் வாடகைக்கா குடியிருக்கிறேன்?

போன வாரம் நான் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள். "இன்னும் கொஞ்ச வருஷத்துல சைக்கிள்காரங்க எல்லாம் ஸ்கூட்டருக்கு மாறிடுவாங்கக்கா" என்றேன். "உன் மூஞ்சி" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஆஸ்பத்திரி ரோட்டை ஆறு வழியாக்கி நடுவே மேம்பாலம் போடும் வரைபடம் என் மேஜையில்தான் இருக்கிறது. ஆனால் அதை என் இஷ்டத்துக்கு நான் வரைவதில்லை. எனக்கு மேலே தலைமைப் பொறியாளர் இருக்கிறார். சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று யார் போய் நின்றாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பேர் ஓட்டுறாங்க? எண்ணிக் காட்டுங்க." எண்ணிக்கை நன்றாக வந்தால் பாதை. குறைவாக வந்தால் பாதை இல்லை என்பதோடு போகாது, புது ரோட்டில் சைக்கிளே வரக்கூடாது என்று பலகை வைத்துவிடுவார்கள். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

உங்கள் சைக்கிள் ஊர்வலம் 26-ம் தேதி என்று கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி அந்த ரோடு முழுக்க ஓட்டிக்கொண்டு போய், அதே வழியில் திரும்புவதாகத்தானே திட்டம்? சும்மாதான் கேட்கிறேன். தேதியும் வழியும் சரிதானா என்று ஒரு வரி எழுதிப்போடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 15

ரப்பருக்கு,

எழுதியதை அழித்து அழித்து நோட்டுப் பக்கத்தையே கிழித்துவிடுவாய் என்றுதான் சின்ன வயதில் உனக்கு அந்தப் பெயர் வைத்தேன். அது இவ்வளவு தூரம் பலிக்கும் என்று நினைக்கவில்லை. முதலில் போட்ட வரைபடத்தில் ரோட்டோரம் சைக்கிள் பாதை இருந்ததாமே. இப்போது இல்லையாமே. யார் கை பட்டது என்று நான் கேட்கப் போவதில்லை.

எனக்கு இது பொழுதுபோக்குச் சண்டை இல்லை. விடிவதற்குள் நான் போய் ரத்தப் பரிசோதனைக்கூடத்தைத் திறந்தால்தான் காலையில் ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். முதல் பஸ் அதற்கு அப்புறம்தான் வரும். ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் சம்பளத்தை அப்படியே ஆட்டோக்காரரிடம் நீட்டிவிட்டு வரலாம். அந்த ரோட்டில் சைக்கிள் கூடாது என்றால் நான் வேலையை விட வேண்டியதுதான். பிஸ்கட் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் இதே கதிதான்.

ஆமாம், 26. ஆமாம், அந்த ரோடு முழுக்க. வேடிக்கை பார்க்க வருகிறாயா?

வரைபடத்தில் பாதை திரும்ப வரும்வரை எனக்கு எழுதாதே. போனும் பண்ணாதே. நானும் பண்ண மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 9

ரப்பருக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்றைக்கு மக்கள் கருத்துக் கூட்டம். உங்கள் தலைமைப் பொறியாளர் வந்திருந்தார். நீ வரவில்லை. வராதது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கார் இத்தனை, பஸ் இத்தனை, லாரி இத்தனை. அப்புறம் சைக்கிள். நாள் முழுக்க எண்ணியதில் பதினொன்று.

பதினொன்று. ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் இடம் இல்லாமல் நான் தினமும் வேப்பமரத்தில் சாய்த்துப் பூட்டுகிறேன், தெரியுமா உனக்கு. பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் சைக்கிள் சங்கத்தார் எல்லோரும் தலைவர் என்று என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்வேன்?

அப்புறம் ஒரு படம் போட்டார்கள். தூணில் கேமரா கட்டி எடுத்தது. ரோட்டோரம் பளிச்சென்று காலியாக இருக்கிறது, காரும் பஸ்ஸும் போகிறது, ஒரு சைக்கிள் இல்லை. என் பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அது என் கடைம்மா. ஷட்டர் போட்டிருக்கு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "என் பொண்ணு கல்யாணத்தன்னைக்கே கடையத் தொறந்து வெச்சுட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். நான் ஷட்டர் போட்டது ஒரே ஒரு நாள்தான். உங்க கூட ஊர்வலம் வந்தேனே, அன்னைக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்வலத்தன்று எண்ணியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுதவில்லை. முந்தின நாள் சாயங்காலம் போலீஸ் அனுமதியை மாற்றிவிட்டது. மெயின் ரோட்டில் ஒரு சைக்கிளும் இறங்கக்கூடாது, வாய்க்கால் கரை வழியாகத்தான் போக வேண்டும் என்றார்கள். நாங்கள் கரை வழியாகத்தான் போனோம். அது போதாதென்று ரோட்டின் இரண்டு முனையிலும் நாள் முழுக்கப் போலீஸ் நின்று, ஊர்வலத்துக்கே வராதவர்களையும் "சைக்கிளா, அந்தப் பக்கம் போ" என்று கரைக்குத் திருப்பிவிட்டது. அந்தப் பதினொரு பேர் எப்படித் தப்பி நுழைந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இதை எழுந்து சொன்னேன். தலைமைப் பொறியாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஊர்வலம் நடக்கிற நாள்ல எண்ணக்கூடாதுன்னு விதியே இருக்கும்மா. தெரிஞ்சே அந்தத் தேதியை எடுத்திருந்தா இந்தக் கணக்கு செல்லாது. ஆனா எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதே. நீங்க போலீஸ்கிட்டதானே சொன்னீங்க. தற்செயலா அமைஞ்சதுக்கெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டிருக்க முடியாது" என்றார்.

அந்த ஆபீஸில் ஒருவனுக்குத் தெரியும். என் கையாலேயே எழுதிப்போட்டேன், ஆமாம், 26 என்று.

உன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே கணக்கு செல்லாமல் போயிருக்கும். ஏன் விழுங்கினேன் என்று தெரியவில்லை. என்னைக் கவிழ்ப்பதற்கு என்னிடமே தேதி கேட்டாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலில் நின்றே படித்தேன். வாய்க்கால் கரை என்ற வரியை மறுபடி படித்தேன். அங்கிருந்த பூந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் வந்து "சார், தண்ணி வேணுமா" என்று கேட்டார்.

அந்தத் தேதியை எடுத்தது நான்தான். தற்செயல் இல்லை. நீ நினைப்பது சரி. ஆனால் நீ நினைக்கிற காரணம் இல்லை.

நன்றாக யோசித்துப் பார். ஊர்வலம் அந்த ரோடு முழுக்கப் போகும் என்று எழுதியவள் நீ. போகும்போது ஆயிரம் சைக்கிள், திரும்பும்போது ஆயிரம் சைக்கிள். வழக்கமாகப் போகிறவர்கள் தனி. கேமராவுக்கு ஊர்வலம் எது, வேலைக்குப் போகிறவர் எது என்று தெரியுமா? அது எண்ணிக்கொண்டே இருக்கும். தலைமைப் பொறியாளர் மேஜையில் அந்த எண்ணைக் கொண்டுபோய் வைத்தால் அவர் வாயைத் திறக்க முடியாது, பாதை தானாக வரும், அக்காவுக்கு எதுவும் தெரியாமலே தம்பி ஒரு நல்ல காரியம் செய்தான் என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். விதி எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஊர்வலம் பற்றி ஆபீஸில் மூச்சு விடவில்லை.

எண்ணிக்கை வந்ததும் எனக்கே பேயறைந்த மாதிரி இருந்தது. கேமரா கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஊர்வலமே நடக்கவில்லை போலிருக்கிறது, கூட்டம் சேராமல் கலைந்துபோயிருப்பீர்கள், அதனால்தான் அக்கா சத்தமே இல்லாமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். எழுதாதே, பேசாதே என்று சொல்லியிருந்தாய். எனக்கும் ரோஷம் இருந்தது. வழி மாறியது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குக் காலையிலேயே கேமராவை அவிழ்க்கச் சொல்லியிருப்பேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். உன் தலையிலும் போட்டுவிட்டேன்.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பரிசோதனைக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரிப்பு நின்றதும் உன்னைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாமா என்று இருந்தது.

அட மடையா, யார் கேட்டது உன்னிடம் பொய்க் கணக்கு? நாங்கள் இல்லாதவர்களா, இருக்கிற மாதிரிக் காட்டுவதற்கு? ஏதாவது ஒரு புதன்கிழமை, ஏதாவது ஒரு வியாழக்கிழமை, நாங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போகிற நாளில் எண்ணியிருந்தாலே போதுமே. எனக்கு அதிர்ச்சி அந்தப் பதினொன்றில் இல்லை, இப்போது சொல்கிறேன் கேள். நீ எங்களுக்கு உதவி செய்ய நினைத்தபோதுகூட, நாங்கள் சும்மா போனால் எண்ணிக்கை தேறாது என்றுதானே நினைத்திருக்கிறாய். ஸ்கூட்டருக்கு மாறிடுவாங்க என்று சொன்ன அதே வாய்தானே.

உன் கடிதத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. பஞ்சர் கடைக்காரர் தினமும் கேட்கிறார், "ஆபீஸ்ல யாருக்காவது தேதி தெரிஞ்சிருக்கும்னு நிரூபிக்க வழி இல்லையாம்மா?" என்று. நான் கடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்கிறேன். என் பையில்தான் வழி இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால் உன் வேலை போகும். நீ வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறவன். கொடுக்காவிட்டால் எங்கள் எல்லோர் வேலையும் போகும். எவ்வளவு நாள் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு திரிவேன்?

என்ன செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என் தம்பி. அதனால்தான் வரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் இந்நேரம் பேப்பரில் வந்திருக்கும்.

அக்கா

*

மே 3

அக்காவுக்கு,

அந்தப் பையில் இருக்கும் என் கடிதத்தைக் கிழித்துப்போடு. இனி அது தேவையில்லை.

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 26-ம் தேதி ஊர்வலம் இருப்பது தெரிந்தே அந்த நாளை எடுத்தேன், எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காகவே எடுத்தேன் என்று. என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் காகிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தாள். அப்புறம், "அண்ணிக்குச் சொல்றதுக்கு முன்னாடி கொடுத்துடுங்க. சொன்னா வேணாம்னு சொல்லிடுவாங்க" என்றாள். உன்னை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தலைமைப் பொறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "குறைச்சுக் காட்டச் சொல்லி எங்கிட்ட எத்தனையோ பேர் வந்திருக்காங்க. கூட்டிக் காட்டப் போய்க் குறைச்சு மாட்டிக்கிட்டவனை இப்பத்தான்யா பார்க்கிறேன்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வேலை போகவில்லை. பதவி உயர்வு போயிற்று. என்னைக் கீழ்த்தளத்தில் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. கரப்பான் பூச்சிகள் மட்டும் நிரந்தர ஊழியர்கள்.

பழைய கணக்கு செல்லாது என்று ஆகிவிட்டது. திரும்ப எண்ணப் போகிறார்கள். எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். எங்கள் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரை இந்தத் தடவை ரோட்டோரம் நிற்க வைக்கிறார்கள், போலீஸ் யாரையும் திருப்பிவிடுகிறதா என்று பார்க்க. உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கூடுதலாக ஒரு ஆளைக்கூடக் கூட்டிக்கொண்டு வராதே. வழக்கமாகப் போகிறவர்கள் வழக்கமாகப் போகட்டும். இதிலும் ஏதாவது குளறுபடி என்றால் மூன்றாவது தடவை கிடையாது.

தம்பி

*

மே 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அத்தான் என் தட்டைப் பார்த்துவிட்டு "யாருக்கு என்ன ஆச்சு" என்று கேட்டார். எங்க ரப்பர் முதல் தடவையா அழிக்காம ஒண்ணு எழுதியிருக்கான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ சொன்னபடி அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

கேமரா வந்துவிட்டது. பஞ்சர் கடைக்கு எதிர்த் தூணில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதில் இன்னும் விளக்கு எரியவில்லையாம், எரிந்தால்தான் எண்ணுகிறது என்று கட்டியவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பஞ்சர் கடைக்காரர் ட்யூப் ஒட்டுவதை விட்டுவிட்டு அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்து பிடித்துக்கொண்டதாம்.

சங்கத்தில் நேற்றுப் பெரிய சண்டை. விளக்கு எரிந்ததும் ஆளுக்குப் பத்து ரவுண்டு சுற்றலாம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இறக்கலாம் என்கிறார் ஒருவர். "அவங்க பொய் சொன்னப்ப நாம கேட்டோமா?" என்கிறார்கள். பொய் சொன்னது யார், எதற்காக என்று எனக்கல்லவா தெரியும்? கூடாது என்று சொன்னேன். யாராவது ஒரு ரவுண்டு அதிகமாகச் சுற்றினாலும் நான் தலைவர் பதவியை விட்டுப் போகிறேன் என்றேன். வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஆபீஸ்காரி மாதிரிப் பேசுறீங்க என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயமாக இருக்கிறது. நிஜமாகவே நாங்கள் கொஞ்சம் பேர்தானா? ஸ்டாண்டில் இடம் இல்லை என்பதைத் தவிர எனக்கும் என்ன தெரியும்? யாரும் எங்களை எண்ணியதே இல்லையே.

அக்கா

*

ஜூன் 6

அக்காவுக்கு,

முதலில் விஷயம். ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

நீ திரும்ப ஒரு தடவை படித்துக்கொள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சைக்கிள், ஒரே நாளில், அதுவும் அன்றைக்குக் காலையிலிருந்து அடைமழை. என் பழைய மேஜையில் இப்போது உட்காருகிறவர் நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இருட்டோடு இருட்டாக ஆரம்பிக்கிறது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, லாரி தெறிக்கிற சேற்றை வாங்கிக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். பின்னால் தலைமைப் பொறியாளர் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை.

அவர் படத்தைத் திரும்பவும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். "அந்த ரோட்டுல நான் எத்தனை தடவை கார்ல போயிருக்கேன். எங்கய்யா இருந்தாங்க இவங்க எல்லாம்?" என்றார்.

பாதையை வரைபடத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும், நடுவில் தடுப்புக் கல் வைத்து, மேம்பாலத்துக்கு அடியிலும் அறுந்துபோகாமல். கையெழுத்தாகிவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன்.

இனி என் விஷயம். அந்தப் படம் முழுக்க நான் உன்னைத் தேடினேன். உன் நீல மழைக்கோட்டு, முன்னால் வளைந்த கூடை, கழுத்தை முன்னால் நீட்டி நீ ஓட்டுகிற விதம், எதுவும் எனக்கு மறக்காது. விடிவதற்கு முன்னாலிருந்து பார்த்தேன். நீ இல்லை. சாயங்காலம் திரும்புகிறவர்களிலும் இல்லை. பாதை வந்த சந்தோஷம் அப்படியே இறங்கிவிட்டது. விழுந்துவிட்டாயா? உடம்புக்கு என்ன? என் மனைவியிடமும் இரண்டு வாரமாக நீ பேசவில்லையாமே. போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். பண்ணாதே என்று சொன்னவள் நீ. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி போடு.

தம்பி

*

ஜூன் 10

தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. அவளிடம் பேசினால் இந்தக் கணக்கைப் பற்றி எதையாவது உளறிவிடுவேன் என்றுதான் பேசவில்லை.

உன் கடிதத்தைப் பஞ்சர் கடையில் நின்று சத்தமாகப் படித்தேன். எண் வந்ததும் அவர் கையில் இருந்த பம்பைக் கீழே போட்டுவிட்டார். "நம்மளா?" என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். சங்கத்தில் இருப்பதே எழுபது எண்பது பேர்தான். மற்றவர்கள் எல்லாம் யார், எங்கே இருக்கிறார்கள், எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு விடியும் முன்னாலேயே அவர் போன் பண்ணிவிட்டார். "விளக்கு எரியுதும்மா. இன்னைக்குத்தான்" என்று. நான் எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை வாசல் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். கேட்டைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது. எனக்கு அன்றைக்கு வார லீவு.

லீவு நாளில் எனக்கு அந்த ரோட்டில் என்ன வேலை? ஒன்றும் இல்லை. ஆனாலும் உள்ளே திரும்பக் கால் வரவில்லை. மழையில் நின்றுகொண்டு நினைத்தேன், ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது, தினமும் போகிறவள்தானே நான், பொய் இல்லையே, நல்லதுக்குத்தானே என்று. நல்லதுக்குத்தானே என்று மனசில் ஓடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீயும் இதைத்தானே நினைத்திருப்பாய். சங்கத்தில் அத்தனை பேர் வாயை அடைத்தவள், ஆள் இல்லாத கேட்டில் அரை மணி நேரம் நின்றேன். உன்மேல் இருந்த கோபம் அங்கேதான் போயிற்று.

சைக்கிளைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தித் துடைத்தேன். கையிலேயே துணி துவைத்தேன். அன்றைக்கு முழுக்க வெளியே போகவில்லை. அந்த ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுக்கிறேன்.

அக்கா